மூக்கடைப்பு மாத்திரையை மாதக்கணக்கில் போடலாமா? எல்லையோரத்து மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மருந்தாளுநர். கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை என்று தமிழ்நாடு-கேரள எல்லையின் இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களும் வந்துபோகிற கடையில் வேலை. பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களும் கோழிப் பண்ணைகளும்; கேரளத்துச் சித்தூர்ப் பக்கம் நெல்லும் தென்னையும். நடுவில் பாலக்காட்டுக் கணவாய். ஆடியில் மேற்கே இருந்து காற்று வரும், மார்கழியில் கிழக்கே இருந்து வரும். தூசி மட்டும் எப்போதும் உண்டு. தும்மலும் மூக்கடைப்பும் இல்லாத வீடு இங்கே குறைவு. "அந்தச் சளி மாத்திரை ஒரு பட்டை குடுங்க" என்று கேட்பவர்களில் பலர் அதை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளும் என் பதில்களும் கீழே.

இந்த மாத்திரைக்குள் என்னதான் இருக்கிறது?

ஒரே மாத்திரையில் குறைந்தது இரண்டு மருந்துகள். முதலாவது ஒவ்வாமையை அடக்கும் ஆன்டிஹிஸ்டமின். தூசியோ மகரந்தமோ மூக்கில் பட்டதும் உடம்பு ஹிஸ்டமின் என்ற பொருளை வெளிவிடுகிறது. தும்மல், அரிப்பு, நீராக ஒழுகுவது எல்லாம் அதனால்தான். அந்த ஹிஸ்டமினின் வேலையை இந்த மருந்து தடுக்கிறது. குளோர்பெனிரமின், செட்டிரிசின், லீவோசெட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின், லோராடடின் எல்லாம் இந்த வகை.

இரண்டாவது மூக்கடைப்பை நீக்கும் மருந்து. மூக்கின் உள்தோலில் இருக்கும் இரத்தக் குழாய்கள் வீங்கினால் அடைப்பு வரும். அவற்றைச் சுருக்குவது இதன் வேலை. மாத்திரைகளில் பெரும்பாலும் ஃபினைலெஃப்ரின் 5 அல்லது 10 மி.கி. இருக்கும், சிலவற்றில் சூடோஎஃபெட்ரின். விழுங்கிய மருந்து மூக்குக்கு மட்டும் போவதில்லை. உடம்பு முழுக்க ஓடி மற்ற இடங்களிலும் குழாய்களைச் சுருக்கப் பார்க்கும்.

இவற்றோடு பாராசிட்டமால் 325 அல்லது 500 மி.கி. இருப்பதும் சகஜம். சிலவற்றில் காஃபினும் சேர்ந்திருக்கும். பட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எல்லாம் போட்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

எத்தனை நாள் தொடர்ந்து போடலாம்?

உள்ளே இருக்கும் இரண்டு மருந்துக்கும் கெடு வேறு வேறு. லோராடடின், ஃபெக்சோஃபெனடின், செட்டிரிசின் போன்ற புதிய வகை ஆன்டிஹிஸ்டமினைத் தனியாக, மருத்துவர் சொல்படி, மாதக்கணக்கில் எடுப்பவர்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு அது தாங்கும். அடைப்பு நீக்கி அப்படியல்ல. ஓரிரு நாள், மிஞ்சினால் ஒரு வாரம் என்ற கணக்கில் பயன்படுத்த வேண்டிய மருந்து அது. இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய பிறகு, தளர்ந்த மாடு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம்தான் வண்டி போகும். ஆகவே சேர்மான மாத்திரைக்கும் ஒரு வாரம்தான் கெடு. அதற்கு மேலும் தினமும் தேவைப்படுகிறது என்றால், உங்களுக்கு வந்திருப்பது அந்த மாத்திரையால் தீரக்கூடிய சளி அல்ல.

"ரெண்டு வருசமா போடுறேனுங்க. எனக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஆகாமலும் இருக்கலாம், ஆனது உங்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். இரத்த அழுத்தம் ஏறினால் வலிக்காது. சூடோஎஃபெட்ரினை வைத்து நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மேல் அழுத்தம் சராசரியாக 1 புள்ளி அளவுதான் ஏறியிருந்தது. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் அது சராசரி. ஏற்கெனவே அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கும், நெஞ்சுவலி வந்தவருக்கும் அந்தக் கணக்கை நம்பி மாத்திரை கொடுக்க முடியாது. 2023, 2024இல் ஐரோப்பிய மருந்து முகமை சூடோஎஃபெட்ரினை மறுபடி ஆராய்ந்தது. மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்குவது, மூளை வீங்குவது போன்றவை மிக அரிதாக நேரலாம் என்று சொல்லி, கட்டுப்படாத இரத்த அழுத்தமும் கடுமையான சிறுநீரக நோயும் உள்ளவர்கள் தொடவே கூடாது என்று எச்சரித்தது. மாத்திரை போட்ட காலத்தில் திடீரென்று தாங்க முடியாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், குழப்பம், வலிப்பு எது வந்தாலும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இன்னொரு பழைய கதையும் இதில் இருக்கிறது. ஒரு காலத்தில் சளி மாத்திரைகளில் ஃபினைல்புரொப்பனோலமின் என்ற அடைப்பு நீக்கி இருந்தது. மூளையில் இரத்தக் கசிவோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகத் தெரிந்ததும் அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் அதைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். இந்தியாவில் 2011இல்தான் தடை வந்தது. மேலே இருக்கும் பெயர் மாறாமல் உள்ளே இருக்கும் மருந்து மட்டும் மாறிய மாத்திரைகள் இருக்கின்றன. "எங்க அப்பா காலத்துல இருந்து இதைத்தான் போடுறோம்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். அப்பா போட்டதும் நீங்கள் போடுவதும் ஒரே மருந்தாக இருக்க வேண்டியதில்லை.

கவனிக்காமல் விடுகிற சின்னத் தொந்தரவுகளும் உண்டு: வாய் வறட்சி, அதனால் பல் சொத்தை, மலச்சிக்கல், ராத்திரித் தூக்கம் கெடுவது, படபடப்பு. இதற்கெல்லாம் தனித்தனியாக மருந்து வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கிறேன். முதலில் சளி மாத்திரையை நிறுத்திப் பாருங்கள்.

ஃபினைலெஃப்ரின் மாத்திரை வேலையே செய்யாது என்று செய்தியில் வந்ததே?

வந்தது உண்மை. 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் இருந்த 16 பேரும், வழக்கமான அளவில் விழுங்கும் ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2024 நவம்பரில், சீட்டு இல்லாமல் விற்க அனுமதித்த மருந்துகளின் பட்டியலிலிருந்து அதை நீக்கும் முன்மொழிவும் வந்தது. குடலிலும் ஈரலிலும் பெரும்பகுதி சிதைந்துவிடுவதால் மூக்குக்குப் போய்ச் சேருவது சொற்பம். மூக்கிலேயே விடும் சொட்டு மருந்துக்கு இது பொருந்தாது.

"எனக்குக் கேட்குதே" என்பார்கள். கூட இருக்கும் ஆன்டிஹிஸ்டமினும் பாராசிட்டமாலும் காஃபினும் கொடுக்கிற நிம்மதி அது. அப்படியானால் பலன் தராத ஒரு மருந்தை மாதக்கணக்கில் உடம்புக்குள் அனுப்ப என்ன அவசியம்?

யாரெல்லாம் தொடவே கூடாது?

இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இதய நோயாளிகள், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் பிரியச் சிரமப்படும் ஆண்கள். சர்க்கரை நோயாளிகளும் சிறுநீரகம் பாதித்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது. சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு செட்டிரிசின், லீவோசெட்டிரிசின் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும்.

வேறு மருந்தோடு மோதுவதும் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் லினிசோலிட், நடுக்குவாத நோய்க்கான செலிஜிலின், ரசாஜிலின் ஆகியவற்றோடு அடைப்பு நீக்கி சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறலாம். நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் எடுப்பவர்களும் கடையில் அதைச் சொல்லிவிட வேண்டும்.

"பாலக்காட்டு டாக்டர் ஒரு சீட்டு, பொள்ளாச்சி டாக்டர் ஒரு சீட்டு. ரெண்டையும் போடலாமா?"

எல்லையில் வாழ்கிறவர்களுக்கே உரிய சிக்கல் இது. வேலை அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். இரண்டு பக்கமும் மருத்துவர். சீட்டில் இருக்கும் வணிகப் பெயர்கள் வேறாக இருக்கும், உள்ளே இருப்பது ஒரே லீவோசெட்டிரிசினாக இருக்கும். பாராசிட்டமால் விஷயத்தில் இது இன்னும் மோசம். மூன்று வேளை சளி மாத்திரை, காய்ச்சலுக்குத் தனி மாத்திரை, மேல்வலிக்கு இன்னொன்று என்று போனால் ஈரலுக்குத் தாங்காத அளவு சேர்ந்துவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம்; குடிப்பவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. இரண்டு சீட்டையும், வீட்டில் இருக்கும் பட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். எங்கள் கடை என்றில்லை, எந்த மருந்தாளுநரும் பார்த்துச் சொல்வார்.

மாமனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருக்கும் இதையே கொடுக்கலாமா?

குளோர்பெனிரமின், பெனிரமின் போன்ற பழைய வகை வேண்டாம். வயதானவர்களின் உடம்பிலிருந்து அவை மெதுவாகத்தான் வெளியேறும். தள்ளாட்டம், கீழே விழுவது, மறதி, சிறுநீர் அடைப்பு எல்லாம் வரலாம். "ரெண்டு நாளா தாத்தா ஒரு மாதிரியா பேசறாரு" என்று பதறி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது புதிதாக என்ன மாத்திரை ஆரம்பித்தீர்கள் என்பதைத்தான். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்ட 3434 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2015இல் வெளியானது. இந்தப் பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் உட்பட, நரம்புச் செய்தியைத் தடுக்கும் ஒரு வகை மருந்துகளை அதிக அளவில், நெடுநாள் எடுத்தவர்களிடம் மறதிநோய் கூடுதலாக இருந்தது. அந்த மருந்துதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் மாற்று இருக்கும்போது ஏன் அதைக் கொடுக்க வேண்டும்?

மாத்திரை போட்டுவிட்டு வண்டி ஓட்டலாமா?

பழைய வகை போட்டால் ஓட்டக் கூடாது. குளோர்பெனிரமின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டது காலையிலும் மந்தமாக வைத்திருக்கும். தூக்கம் வருவது போலவே தெரியாது, ஆனால் பிரேக் மிதிக்கும் கால் தாமதமாகும். தேங்காய் லோடு ஏற்றிப் போகும் ஓட்டுநர்களும், நார் மில்லில் இயந்திரத்தருகே நிற்பவர்களும் இதை லேசாக எடுக்கக் கூடாது. செட்டிரிசினும் சிலருக்கு அசத்தும். ஃபெக்சோஃபெனடின், லோராடடின் அசத்துவது குறைவு. ஃபெக்சோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு விழுங்காதீர்கள். மருந்து உடம்பில் சேருவது குறைந்துவிடும். வெறும் தண்ணீர் போதும்.

சித்தூர்ப் பக்கம் கள்ளுக்குப் பேர்போனது. கள்ளோ சாராயமோ குடித்த அன்று இந்த மாத்திரை எதுவும் வேண்டாம்.

சொட்டு மருந்து விட்டால் உடனே திறக்கிறது. ஆனால் அது இல்லாமல் இப்போது தூங்கவே முடியவில்லை.

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டுகளைத் தொடர்ந்து ஐந்து நாளுக்கு மேல் விட்டால் மூக்கு அதற்குப் பழகிவிடும். மருந்தின் வேகம் இறங்கியதும் முன்பைவிடப் பலமாக அடைக்கும். மறுபடி விடுவீர்கள், மறுபடி அடைக்கும். இப்போது உங்கள் மூக்கை அடைப்பது தூசி அல்ல, அந்தச் சொட்டுதான். வெளியே வர வழி இருக்கிறது. மருத்துவரைப் பார்த்து ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே ஆரம்பியுங்கள். சொட்டு மருந்தை முதலில் ஒரு நாசியில் மட்டும் நிறுத்துங்கள். அது தானாகத் திறந்த பிறகு அடுத்த நாசியில் நிறுத்துங்கள். முதல் சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். தலைமாட்டை உயர்த்திப் படுங்கள், பொறுத்துக்கொள்ளுங்கள், நிச்சயம் விடும்.

மாத்திரையை நிறுத்தினால் உடம்பெல்லாம் அரிக்கிறது. வாழ்நாள் முழுக்கப் போட வேண்டியதுதானா?

இல்லை. செட்டிரிசின், லீவோசெட்டிரிசினை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் எடுத்து நிறுத்தியவர்களில் சிலருக்குச் சில நாட்களில் கடுமையான அரிப்பு வருகிறது என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் எச்சரித்தது. அரிதுதான், ஆனால் வந்தவர்களுக்கு அது படாத பாடு. நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறுபடி மாத்திரையைப் பிடித்துக்கொள்கிறார்கள். மருத்துவர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தலாம்.

"ஒரு செட் மாத்திரை" வாங்கிப் போட்டால் ஒரே நாளில் சரியாகிறதே. அதில் என்ன தப்பு?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். பட்டையிலிருந்து வெட்டி, பெயர் தெரியாமல், காகிதப் பொட்டலத்தில் போட்டுத் தரும் அந்தச் செட்டில் ஒரு குட்டி மாத்திரை இருக்கும். பல இடங்களில் அது பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டு. ஆன்டிஹிஸ்டமினும் ஸ்டீராய்டும் ஒரே மாத்திரையாகவும் வருகின்றன. அடைத்த மூக்கு அன்றைக்கே திறக்கும், பசி எடுக்கும், உடம்பு தெம்பாக இருக்கும். அதனால்தான் மறுபடி மறுபடி அதையே கேட்கிறார்கள்.

மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை வரும், உறங்கிக் கிடந்த காசநோய் எழும்பும். உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்திவிடும். ஆகவே வாரக்கணக்கில் போட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. மயக்கமும் அழுத்தக் குறைவும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். இனிமேல் எந்தக் கடையிலும் பெயர் தெரியாத மாத்திரையை வாங்காதீர்கள். பட்டையோடு, பில்லோடு கேளுங்கள். தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

குழந்தைக்குச் சளி சிரப் கொடுக்கலாமா?

குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த பச்சைக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களைக் கொன்றது அதில் கலந்திருந்த டையெத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு. ஆனால் அந்தச் சிரப்பும் இந்த இரண்டு மருந்தோடு பாராசிட்டமால் சேர்ந்ததுதான், தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். குடித்தவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள். அந்த வயதில் வரும் சாதாரணச் சளிக்கு அப்படியொரு மருந்தே தேவையில்லை.

கைக்குழந்தைக்கு மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு விடுங்கள், அடிக்கடி பால் கொடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினால், விலா உள்ளிழுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

கர்ப்பமாக இருக்கும்போது?

அடைப்பு நீக்கி சேர்ந்த மாத்திரை வேண்டாம், முக்கியமாக முதல் மூன்று மாதம். தேவைப்பட்டால் லோராடடின் அல்லது செட்டிரிசினை மருத்துவரே எழுதித் தருவார். பால் கொடுக்கும் தாய்மாருக்கு சூடோஎஃபெட்ரின் பால் சுரப்பைக் குறைக்கும்.

அப்படியானால் தினமும் தும்முகிறவர் என்னதான் செய்வது?

தொடர்ந்து இருக்கும் ஒவ்வாமை மூக்குத் தொல்லைக்கு முதல் மருந்து ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே: ஃப்ளூட்டிகசோன், மோமெட்டசோன், புடசோனைடு. ஸ்டீராய்டு என்றதும் பயப்பட வேண்டாம். மைக்ரோகிராம் கணக்கில் மூக்கில் மட்டும் படுவதற்கும், செட் மாத்திரையில் விழுங்குவதற்கும் மலையளவு வித்தியாசம். ஒரே நாளில் கேட்காது. முழுப் பலன் தெரிய ஓரிரு வாரம் ஆகும். பாதிப் பேர் மூன்றாம் நாளே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அடிக்கும் முறையும் முக்கியம். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது நாசிக்கு இடது கையாலும் இடது நாசிக்கு வலது கையாலும் பிடித்து, மூக்கின் நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கமாக அடியுங்கள். பலமாக உறிஞ்ச வேண்டாம். நடுத்தண்டில் அடித்தால் ரத்தம் கசியும்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் நல்ல பலன் தரும். ஆனால் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் மட்டும். கிணற்றுத் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் ஏற்றக் கூடாது. 2024, 2025இல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா நோயால் எத்தனை குடும்பங்கள் தவித்தன என்பது நமக்குத் தெரியும். அந்த அமீபா உள்ளே போகும் வழி மூக்குதான்.

நார் மில்லில் வேலை என்றால் துணியைக் கட்டிக்கொண்டு நிற்பது போதாது. முகத்தில் ஒட்டி உட்காரும் என்95 முகமூடி வேண்டும். நார்த்தூளை ஈரப்படுத்திவிட்டுக் கூட்டச் சொல்லி மேஸ்திரியிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து உடை மாற்றிவிட்டுப் படுங்கள். தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசுங்கள்.

லீவோசெட்டிரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. அதில் அடைப்பு நீக்கி இல்லை. ஆனால் மான்டெலுகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, தற்கொலை எண்ணம்கூடக் கொண்டுவரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கையாக வெளியிட்டது. பிள்ளைகளின் குணம் திடீரென்று மாறினால் அதை நினைத்துப் பாருங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்?

ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்தே இருந்தால், ரத்தம் வந்தால், வாசனை தெரியாமல் போனால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். மூச்சு விடும்போது விசில் சத்தம், ராத்திரி இருமல், படியேறினால் நெஞ்சிறுக்கம் இருந்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். நார்த்தூளில் வேலை பார்ப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. ஆஸ்துமாவுக்குச் சளி மாத்திரை மருந்தே அல்ல, இன்ஹேலர்தான் மருந்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்யுங்கள். எல்லையின் எந்தப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலும் அது இலவசம். இரண்டு பக்கமும் தமிழ் பேசினால் புரிந்துகொள்வார்கள்.